தண்டல் பர்னபாஸும் மூன்றாவது கால்வாயும்

உலகத்தில் பெரிய கால்வாய்கள் மூன்று. ஒன்று சூயஸ். இரண்டு பனாமா. மூன்றாவது, தூத்துக்குடி பீச் ரோட்டில் பொன்னுதுரை தோணி ஏஜென்சியின் மாடியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கும் மாலை நாலரைக்கும் நடுவில் ஜெபின் தனியாளாக வெட்டி முடித்த டேட்டாபேஸ் கேட்வே. முதல் இரண்டையும் வெட்ட ஆயிரக்கணக்கில் ஆளும் வருஷக்கணக்கில் காலமும் ஆனது. மூன்றாவதுக்கு ஆனது ஒரு பென்டிரைவ், மூன்று டீ, பதினோரு மக்ரூன். சேதுக் கால்வாய் வேலைக்கு மட்டும் ஜெபினைக் கூப்பிட்டிருந்தால், கப்பல்களெல்லாம் இன்றைக்கும் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்து டீசலைக் கொளுத்த வேண்டியதில்லை.

இது ஜெபின் ஊரெல்லாம் சொல்லித் திரிகிற வரலாறு. அவனுக்கு வயது பதினெட்டு. நாசரேத்துக்காரன். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ சேர்ந்து, ஒன்றரை வருஷத்தில் ஒன்பது அரியர் சம்பாதித்து, தன் அறிவு நாலு சுவருக்குள் அடங்காது என்று அறிவித்துவிட்டு வெளியே வந்தவன். பாலிடெக்னிக்காரர்கள் அதே கருத்தை வேறு வார்த்தையில் எழுதி முதலில் கையில் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். பொன்னுதுரை அவன் அம்மாவுக்குப் பெரியப்பா மகன். அந்த ஒரு தகுதியில் ஏஜென்சிக்குள் நுழைந்து ‘சிஸ்டம் இன்ஜினியர்’ ஆனான். பதவியின் பெயர் அவனே வைத்துக்கொண்டது. மாமா வைத்த பெயர் ‘சும்மா கெடக்கிறவன்’.

முதல் நாளே அவன் பிளாரன்ஸ் அக்காளிடம் ஒரு கோரிக்கை வைத்தான். பிளாரன்ஸ் அந்த ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கிளார்க். தோணி புறப்படுவதும் திரும்புவதும் அவள் விரல் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குள் போகும்.

“யக்கா, இன்ஜினியர் உக்காருத ரூம்ல ஏசி வேணும். இல்லாட்டா கம்ப்யூட்டருக்கு வேத்துரும்.”

பிளாரன்ஸ் எழுந்து போய்க் கடல் பக்கத்து ஜன்னலை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். உப்புக்காற்று மேசை மேலிருந்த காகிதத்தையெல்லாம் வாரிக்கொண்டு போனது.

“இந்தா ஏசி. கொழும்புல இருந்து நேரா வருது. கரண்ட் பில்லும் கெடையாது.”

அன்றிலிருந்து அந்த ஆபீஸில் அந்த ஜன்னலுக்குப் பெயர் ஏசி.

ஜெபின் பழிவாங்காமல் விடுவானா? தினமும் காலை பதினோரு மணிக்குப் பிளாரன்ஸின் திரையில் ஒரு பெட்டி குதிக்கிற மாதிரி செய்துவைத்தான். ‘சக்தி குறைவு. சிபியு அருகில் ஒரு மக்ரூன் வைக்கவும்’ என்று அதில் எழுதியிருக்கும். பிளாரன்ஸ் ஒன்றும் பேசாமல் பக்கத்துப் பேக்கரியில் மக்ரூன் வாங்கிவந்து, எவர்சில்வர் தட்டில் வைத்து, சிபியுவுக்குப் பக்கத்தில் தள்ளுவாள். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் மக்ரூன் இந்தப் பக்கம் ஜெபின் வாயில் கரையும். முந்திரியும் முட்டைவெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த இந்த ஊர்ப் பண்டத்தைக் கம்ப்யூட்டரின் பேரால் நாலு மாதம் தின்றவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அந்தப் பெருமை அவனுக்கு இருந்தது.

இப்படி இருக்கையில்தான் தண்டல் பர்னபாஸ் மாடி ஏறி வந்தார்.

தோணி என்றால் மீன் பிடிக்கிற வள்ளம் அல்ல. முந்நூறு டன் சரக்கை வயிற்றில் போட்டுக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மரக்கப்பல். கல், மணல், சிமெண்ட், வெங்காயம், உருளைக்கிழங்கு என்று அந்தத் தீவுகளில் விளையாததெல்லாம் பழைய துறைமுகத்திலிருந்து தோணியில்தான் போகும். தோணியை நடத்துகிற தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். பர்னபாஸ் திரேஸ்புரத்துக்காரர், வயது நாற்பத்தெட்டு. பதினாறு வயதில் தோணியில் சமையல்காரனாக ஏறியவர். முதல் நாள், உப்பை மிச்சம் பிடிக்கலாம் என்று கடல் தண்ணீரிலேயே சோறு பொங்கினார். அந்தச் சட்டிச் சோறு முழுவதையும் அவரையே தின்ன வைத்தார்கள். ‘அன்னையில இருந்து எனக்குக் கடல்மேல ஒரு மரியாத’ என்பார். இருபது வருஷம் கயிறு இழுத்துப் பாய் கட்டி, முப்பத்தாறில் தண்டல் ஆனார். சுக்கானைப் பிடித்த கை உள்ளங்கை முழுவதும் காய்த்துப்போய், கைகொடுத்தால் செருப்பைத் தொட்ட மாதிரி இருக்கும். ரோட்டில் நடந்தால்கூடக் காலை அகல வைத்துத்தான் நடப்பார்; பீச் ரோடு எந்த நிமிஷமும் ஒரு பக்கமாகச் சாயும் என்கிற எச்சரிக்கை அந்த நடையில் இருக்கும். பயணம் முடிந்து கரை இறங்கியதும் முதல் வேலை ஒரு பன்னீர் சோடா. இரண்டாவது வேலை வீடு. இந்த வரிசையில் அவர் மனைவி சுஜிதாவுக்கு இருக்கிற வருத்தம் ஊருக்கே தெரியும்.

போன டிசம்பரில், மாலேக்கு ஒரு பகல் தூரம் இருக்கும்போது, ‘ஜெபமாலை ராணி’யின் அடிப்பலகை ஒன்று விட்டுக்கொடுத்துவிட்டது. தோணி முழுகியது. வழியில் வந்த கப்பல் ஒன்று ஆள் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டது. பர்னபாஸ் கடைசி ஆளாகத் தோணியை விட்டபோது அவர் கையில் இருந்தது ஒரு பிரஷர் குக்கர். காகிதங்கள் இருந்த பெட்டியை விட்டுவிட்டுக் குக்கரை ஏன் எடுத்தார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு சுஜிதாவுக்குத் தூக்கம் போயிற்று. அவர் கடலில் இருந்தால் தூங்கமாட்டாள். கரையில் இருந்தால், அவர் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டு விழித்திருப்பாள்.

அப்போதுதான் மாலத்தீவில் ஒரு விடுதிக்குச் சாமான் கொண்டுபோகிற படகுக்கு ஆள் தேவை என்று செய்தி வந்தது. தீவுக்கும் தீவுக்கும் நடுவில் ஓட்டுகிற வேலை. எந்நேரமும் ஏதாவது ஒரு கரை கண்ணுக்குத் தெரியும். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: தண்டலாக எழுநூற்று இருபது நாளாவது கடலில் இருந்ததாக ஏஜென்சியின் கடிதம். ஒவ்வொரு பயணத்துக்கும் புறப்பட்ட தேதி, சேர்ந்த தேதி, ஏற்றிய சரக்கு எல்லாம் வரிசையாக அச்சடித்து இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தூத்துக்குடியில் அவர்களுக்கு ஆள் எடுக்கிற ஆபீசுக்கு வரவில்லை என்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

“இவ்வளவுதானா?” என்றான் ஜெபின். “பத்து நிமிசம் அண்ணாச்சி.”

அங்கேதான் சிக்கல். பர்னபாஸின் பதினோரு வருஷமும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு பழைய சர்வர் பெட்டிக்குள் கிடந்தது. அதைப் படிக்கத் தெரிந்த பழைய கம்ப்யூட்டர் போன வாரம்தான் உப்புக்காற்றில் துருவேறி உயிரை விட்டிருந்தது. புதிதாக வந்த கம்ப்யூட்டருக்குப் பழைய பெட்டியின் பாஷை தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேசி முடித்துக்கொடுக்க ஒருவன் வேண்டும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஏஜென்ட் நிற்கிற மாதிரி. அவன் பெயர்தான் கேட்வே. மதுரையிலிருந்து பென்டிரைவில் வந்து, மூன்று நாளாக மேசை டிராயரில் கிடந்தான். மாமாவோ நாசரேத்தில் கோயில் அசன விருந்துக்குப் போயிருந்தார். போகும்போது, ‘கடுதாசியில கையெழுத்துப் போடுத அதிகாரம் பிளாரன்சுக்கு, கம்ப்யூட்டரத் தொடுத அதிகாரம்… சரி, வேற யாரு இருக்கா, ஜெபினுக்கு’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பத்தேகாலுக்கு ஜெபின் நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினான். பர்னபாஸ் எதிர் நாற்காலியில், பாலித்தீன் கவரில் பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் கேள்வியைத் திரை கேட்டது: முப்பத்திரண்டு பிட்டா, அறுபத்துநாலு பிட்டா? எது பெரிய எண் என்பது பாலிடெக்னிக் போகாதவனுக்கும் தெரியும். ஜெபின் அறுபத்துநாலை அமுக்கினான். அடுத்த கேள்வி தேதியைப் பற்றியது. நெக்ஸ்ட். அதற்கடுத்தது ஏதோ நீளமாக. நெக்ஸ்ட். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: ‘படிக்க மட்டுமா?’ அதில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. படிக்க மட்டும் என்பது ஜெபினுக்குப் பிடித்த விஷயம் அல்ல என்பது அவனுடைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். டிக்கை எடுத்துவிட்டான்.

“என்னலே, ஒவ்வொண்ணா வாசிக்காம அமுக்குத?” என்றாள் பிளாரன்ஸ்.

“எல்லாம் மனப்பாடம்க்கா.”

திரையில் சிவப்பாக ஒரு அறிவிப்பு வந்தது. அப்படி ஒரு பெட்டியையே எனக்குத் தெரியாது என்று கேட்வே இங்கிலீஷில் சொல்லியது.

“என்ன சொல்லுதான்?” என்றார் பர்னபாஸ்.

“பசிக்காம்” என்றான் ஜெபின்.

பிளாரன்ஸ் ஒரு பை நிறைய மக்ரூன் வாங்கிவந்து தட்டில் கொட்டினாள்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஜெபினுக்கு விளங்கியது. விண்டோசுக்குள் இந்த வேலைக்கு ஒரே மாதிரி இரண்டு வாசல் இருக்கிறது. இவன் ஒரு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்க, கடிதம் அடிக்கிற புரோகிராம் அடுத்த வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறது. சின்ன எண் வாசல்தான் அதற்குச் சரி. அந்தச் சின்ன எண் வாசலை விண்டோசுக்காரன் ஒளித்துவைத்திருப்பதோ, பெயரில் அறுபத்துநாலு என்று எழுதிய அறைக்குள். பெண்வீட்டார் பந்தலில் மாப்பிள்ளை வீட்டுப் பலகையை மாட்டிவைத்த மாதிரி. ஜெபின் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். முப்பத்திரண்டு. நெக்ஸ்ட். நெக்ஸ்ட். டிக்கை எடு.

பன்னிரண்டரைக்குத் திரையில் பச்சையாக வந்தது: இணைப்பு வெற்றி.

ஜெபின் நாற்காலி மேல் ஏறி நின்றான். மூன்றாவது கால்வாய் என்கிற சொல் பிறந்தது அப்போதுதான். பர்னபாஸ் எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கை ஒரு மணி நேரம் வலித்தது.

அதே நேரம் பர்னபாஸின் போன் அடித்தது. சுஜிதா. போனைக் காதில் வைத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லை. அலையைத் தாண்டிக் கேட்கட்டும் என்று எதிரே நீட்டிப் பிடித்துத்தான் பேசுவார். ஆபீஸ் முழுவதும் கேட்டது.

“முடிஞ்சிச்சா?”

“முடிஞ்ச மாதிரிதாம்ளா. கெட்டிக்காரத் தம்பி ஒருத்தன் உக்காந்து பாக்கான். நீ சாப்பிட்டியா?”

“நீங்க வந்துதான் சாப்பிடணும்.”

கெட்டிக்காரத் தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னவர்களும் ‘ரொம்பக் கெட்டிக்காரன்’ என்று இழுத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த இழுப்பிலேயே அர்த்தம் மாறிவிடும்.

பர்னபாஸ் கீழே டீக் கடைக்கு இறங்கினார். பிளாரன்ஸ் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ஜெபின் பயணப் பட்டியலைத் திறந்து கூட்டச் சொன்னான்.

எழுநூற்று ஒன்று.

மறுபடி கூட்டினான். மறுபடியும் அதேதான். பத்தொன்பது நாள் குறைகிறது.

பட்டியலை மேலும் கீழும் ஓட்டினான். சில வரிகளில் தேதியே இல்லை. பழைய பெட்டி, மறந்திருக்கும் என்று நினைத்தான். சில வரிகளில் நாள் எண்ணிக்கைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. அழகுக்குப் போட்டிருக்கும் என்று நினைத்தான். அவன் நினைக்காதது ஒன்றுதான்: தப்பு தன்னுடையதாக இருக்கலாம் என்பது. பச்சையாக ‘வெற்றி’ என்று வந்திருக்கிறதே. ஆக, குறைவு மனுசனிடம்தான். பதினோரு வருஷம் கடலில் கிடந்த மனுசன் பத்தொன்பது நாளில் தோற்கப்போகிறார். கீழே இருந்து மேலே வந்ததும் அதை அவரிடம் சொல்ல வேண்டியவன் கெட்டிக்காரத் தம்பி.

ஜெபின் அதுவரை பலரை ஏமாற்றியிருக்கிறான். வாத்தியார் நாற்காலியில் பலாப்பிசின் வைத்திருக்கிறான். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது, அங்கிருந்து கட்டபொம்மன் பெயரில் ஹெட்மாஸ்டருக்கு வரி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறான். எல்லாம் மற்றவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காக. ஒருவர் முகம் மாறாமல் இருப்பதற்காக அவன் எதுவும் செய்தது கிடையாது. இதை யாரிடம் சொன்னாலும் அவமானம்.

இரண்டாயிரத்துப் பதினெட்டின் தொடக்கத்தில் பட்டியல் காலியாக இருந்தது. அங்கே ஒரு புது வரியைத் திறந்தான். தோணி: ஜெபமாலை ராணி. புறப்பட்டது: இரண்டாம் மாதம் இரண்டாம் தேதி. சேர்ந்தது: மூன்றாம் மாதம் மூன்றாம் தேதி. அடிக்க எளிதாக இருந்ததால் அந்தத் தேதிகள். இருபத்தொன்பது நாள். சரக்கு என்கிற கட்டத்தில் கை நின்றது. வெங்காயம் என்று போட்டிருக்கலாம். சிமெண்ட் என்று போட்டிருக்கலாம். பக்கத்தில் தட்டு இருந்தது; வாயில் ஒன்று கரைந்துகொண்டிருந்தது; பிறவிக் குணம் விரலைப் பிடித்துத் தள்ளியது. அடித்துவிட்டுச் சேமித்தான். படிக்க மட்டும் என்கிற கட்டத்தில் டிக் இல்லாததால், கேட்வே அந்த வரியை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்தது.

எழுநூற்று முப்பது.

மூன்று மணிக்குக் கடிதத்தை அச்சடித்துப் பர்னபாஸ் கையில் கொடுத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். விரல் நாலாவது வரியில் நின்றது.

“ஜூலை ஒண்ணு புறப்பாடு. ஆகஸ்ட் ரெண்டு சேந்தது.” தலையை நிமிர்த்தினார். “ஜூலையில எவம்லே தோணிய அவுத்தான்?”

“நீங்கதான் அண்ணாச்சி.”

“ஏலே, ஜூன் பொறந்தா தோணியெல்லாம் கட்டிக் கெடக்கும். ஆகஸ்ட் முடியுமட்டும் அங்கன காத்து ஆள நிக்கவிடாது. மாதா கோயில் தேருக்கு ஊர்ல இருக்கிற தண்டல் பூராவும் வடம் பிடிக்கது எப்பிடின்னு நெனச்ச? வேல இல்லாமத்தான்.” விரல் கீழே இறங்கியது. “மார்ச் ஒண்ணுல புறப்பட்டு, செப்டம்பர் ரெண்டுல சேந்திருக்கேன். நூத்தி எம்பத்தஞ்சு நாளு. நீந்திப் போனாக்கூட இதுக்கு முன்னால போயிருவேனே.” அடுத்த வரி. “இங்கன போகுததுக்கு முன்னாலயே திரும்பி வந்துட்டேன். மைனஸ் இருபத்தெட்டு நாளு!”

சிரிப்பார் என்று ஜெபின் எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை மேசையில் வைத்தார்.

“தம்பி, நீ வெளையாட்டுக்காரப் பயன்னு பிளாரன்ஸ் சொல்லியிருக்கா. கம்ப்யூட்டருக்குப் பசிக்கும்பன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். ஆனா இதுல வெளையாடியிருக்கக் கூடாது.”

எழுந்து பாலித்தீன் கவரை எடுத்துக்கொண்டார்.

‘ஆமாண்ணாச்சி, சும்மா வெளையாட்டு, நெசக் கடுதாசி இப்ப வருது’ என்று சொல்லியிருந்தால் இன்ஜினியர் பட்டம் தப்பியிருக்கும். உதடு வரைக்கும் வந்தது. ஆனால் நெசக் கடுதாசி எங்கிருந்து வரும்? இத்தனை வருஷத்தில் அவன் செய்யாத குறும்புக்கெல்லாம் அடி வாங்கியிருக்கிறான். செய்த குறும்புக்கெல்லாம் தப்பியிருக்கிறான். இது குறும்பே இல்லை, வெறும் முட்டாள்தனம் என்று சொல்ல வேண்டிய நிலைமை இதுதான் முதல் தடவை.

“வெளையாடல அண்ணாச்சி” என்றான். “எனக்குத் தெரியல. என்ன பண்ணினேன்னே எனக்குத் தெரியல. வாசிக்காம நெக்ஸ்ட் அமுக்கிட்டேன்.”

பர்னபாஸ் அவன் முகத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்துக் காற்றின் போக்கைக் கணிக்கிறவர்; பதினெட்டு வயசு முகம் எம்மாத்திரம். திரும்பிவந்து உட்கார்ந்தார்.

“தெரியலன்னா சரி. தெரியலன்னா தேடிப் பாக்கலாம். ஜூலை ஒண்ணுன்னு போட்டிருக்கே, அந்த வருசத்துல நான் புறப்பட்டது பொங்கலுக்கு முந்தின வாரம். ஜனவரி ஏழு.”

பிளாரன்ஸ் எட்டிப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“மாதாவே! ஏழு, ஒண்ணு. நான் எப்பவும் தேதிய முன்னால போட்டு மாசத்தப் பின்னால போடுவேன். இந்தக் கூறுகெட்ட கேட்வே மாசத்த முன்னால வாசிக்கான். ஏழாம் மாசம் ஒண்ணாந் தேதின்னு!”

“பன்னெண்டுக்கு மேல தேதி வந்தா?” என்றார் பர்னபாஸ்.

“பதிமூணாம் மாசம் கெடையாதே. அதான் அந்த வரியெல்லாம் காலி” என்று ஜெபின் மெல்லச் சொன்னான். அவன் நெக்ஸ்ட் அமுக்கித் தாண்டிய தேதிக் கேள்வி இதைத்தான் கேட்டிருந்தது: உங்கள் ஊரில் தேதி முன்னாலா, மாதம் முன்னாலா? இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் இவன் பதில் சொல்லவில்லை.

மணி மூன்றே முக்கால். ஜெபின் மூன்றாம் முறையாக எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆரம்பித்தான். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தான். பிளாரன்ஸ் அர்த்தம் சொன்னாள். பர்னபாஸ் ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ போட்டார். தேதி முன்னால். ம். படிக்க மட்டும். ம். இந்தத் தடவை டிக்கை எடுக்கவில்லை. நடுவில் பிளாரன்ஸ் ஆள் எடுக்கிற ஆபீசுக்குப் போன் போட்டு, “இந்தா வந்துட்டோம், பூட்டிராதீங்க” என்று சொல்லிவைத்தாள். நடந்தால் பத்து நிமிஷம்தான்.

நாலேகாலுக்குப் பட்டியல் திறந்தது. காலி வரிகள் நிறைந்திருந்தன. ஜூலைகள் ஜனவரிகளாகத் திரும்பிப் போயிருந்தன. கூட்டச் சொன்னார்கள்.

ஆயிரத்து நூற்று எழுபத்தொன்று.

“எழுநூத்தி இருவது கேட்டான்” என்று பிளாரன்ஸ் கையைத் தட்டினாள். “மிச்சத்தக் கைமாத்தாக் குடுக்கலாம்!” அச்சடித்த பக்கங்கள் பறக்காமல் இருக்க அவள் போய் ஜன்னலைச் சாத்தினாள். வந்து பேனாவைத் திறந்தாள்.

“இரு, இரு” என்றார் பர்னபாஸ். “மூணு மணிக்குப் பட்டது போதும். ஒரு தடவ பாத்துருவோம்.”

விரல் இறங்கியது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், சிலவற்றுக்குச் சிரித்தார், ஒன்றுக்கு ‘ஆமா, அதுல சமையல் பண்டாரிக்குக் காய்ச்ச’ என்றார். விரல் பதினெட்டுக்கு வந்து நின்றது.

ஜெபின் எழுந்து எட்டிப் பார்த்தான். அந்த வரியை அவன் மறந்தே போயிருந்தான். இரண்டு-இரண்டு, மூன்று-மூன்று. முன்னால் வாசித்தாலும் பின்னால் வாசித்தாலும் மாறாத தேதிகள். எல்லாத் தப்பும் திருந்தியபோது அது மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

“ஜனவரி பதினெட்டுல புறப்பட்டு, பிப்ரவரி பதினாலுல வந்து சேந்திருக்கேன். சரி. விபூதிப் புதன். நெத்தியில சாம்பலோட சுஜிதா துறைமுகத்துல நின்னா.” விரல் ஒரு வரி இறங்கியது. “நடுவுல, பிப்ரவரி ரெண்டுல மறுபடி தூத்துக்குடியில இருந்து புறப்பட்டிருக்கேன். அதே ஜெபமாலை ராணியில.”

பிளாரன்ஸ் பேனாவை மூடினாள்.

“ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நிக்கது கோடி அற்புதர் அந்தோணியாரால முடியும். அவருகூட ஆளு மட்டுந்தான் நின்னாரு. இவன் என்னையத் தோணியோட சேத்துல்லா நிப்பாட்டியிருக்கான்!” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். “சரக்கு என்ன போட்டிருக்கு, பிளாரன்ஸ்? எனக்குக் கண்ணு சரியில்ல போல.”

பிளாரன்ஸ் குனிந்து வாசித்தாள்.

“மக்ரூன். நாப்பது டன்.”

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி ஜெபினைப் பார்த்தார்கள். ஜெபின் ரொம்ப அக்கறையாகக் கீபோர்டில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினான்.

“பசிக்கிற கம்ப்யூட்டர்தான் இதையும் எழுதியிருக்கும்” என்றாள் பிளாரன்ஸ். “நாலு மாசமா அதுக்குத் தீனி போடுதேன். பொடி சிபியு மேல இருக்காது; எப்பவும் இவன் சட்டப்பையிலதான் இருக்கும். ஒத்தையில வந்து கெடக்க பய, காலையில சாப்பிடாம வாரான்னுதான் நானும் ஒண்ணும் கேக்கல.”

ஜெபினின் மூன்றாவது கால்வாய் மொத்தமாக மண் சரிந்து மூடிக்கொண்டது. நாலு மாதமாக அவன் ஏமாற்றியதாக நினைத்தவள் நாலு மாதமாக அவனுக்குக் காலைச் சாப்பாடு போட்டிருக்கிறாள்.

“எப்பம்லே எழுதின?” என்றார் பர்னபாஸ். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“மத்தியானம்.”

“எதுக்கு?”

“பத்தொம்பது நாள் கொறைஞ்சிச்சு.” ஜெபின் தரையைப் பார்த்துச் சொன்னான். “சுஜிதாக்கா வேற போன்ல சாப்பிடாம இருக்கேன்னு சொன்னாங்க.”

பர்னபாஸ் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு காகிதத்தை அவன் பக்கம் தள்ளினார்.

“எடுத்துரு. நான் போகாத கடலு எனக்கு வேண்டாம். போன கடலே நெறையக் கெடக்கு.”

படிக்க மட்டும் என்று டிக் இருந்ததால் எடுக்க முடியவில்லை. டிக்கை எடுத்து, வரியை எடுத்து, மறுபடி டிக்கைப் போட்டான். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு. பிளாரன்ஸ் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். மணி நாலு முப்பத்தைந்து. பர்னபாஸ் கடிதத்தைப் பாலித்தீன் கவரில் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் செருகினார். தட்டில் மிச்சமிருந்த ஒரே மக்ரூனை எடுத்துச் சுஜிதாவுக்கென்று காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டார். காலை அகல வைத்துப் படிக்கட்டு வரை நடந்தார். திரும்பினார்.

“இனிமே எனக்கு ஒரு பயணம் எழுதினா முந்தின நாளே சொல்லிருலே. துணிமணி எடுக்கணும்லா.”

ஜெபின் தட்டை எடுத்து ஓரமாக வைத்தான். புறங்கையால் முகத்தை ஒரு இழுப்பு இழுத்தான்.

“கண்ணுல என்னலே தண்ணி?”

“ஏசி காத்து அண்ணாச்சி. எனக்கு ஒத்துக்காது.”

பர்னபாஸ் கடல் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“ஏசியச் சாத்தி இருவது நிமிசம் ஆச்சுலே” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.